எருமைக்கு ரோஸ்

மார்ச் 3, திங்கள்

ஐந்தாவது முறையும் என் டிசைன் திரும்பி வந்துவிட்டது. ரோஷ்னியின் மெயிலில் ஒரே வரிதான். "அழகா இருக்கு பூங்கோதை, ஆனா இதை ஏற்கெனவே நூறு இடத்துல பார்த்துட்டேன்." பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கடைகளுக்குத் துணி தேர்ந்தெடுப்பவள் அவள். குழந்தைகள் அறைக்கு விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை என்று ஒரு முழு வரிசை கேட்டிருக்கிறாள். எருமை, மயில், காக்கா, வெள்ளாடு வரைந்து அனுப்பியிருந்தேன். எல்லாம் சாம்பலிலும் மணல் நிறத்திலும்.

பதினைந்து வருடமாக இதே கரூரில், இதே கம்பெனியில், துணி வாங்குகிற இதே மாதிரி பையர்களுக்குச் சாம்பல் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நிறத் துண்டுகள் ஒட்டிய என் ஷேட் பைலில் சாம்பல் மட்டும் நாற்பத்தியொரு வகை. கொஞ்சம் அடர்த்தியாக எது அனுப்பினாலும் "இறக்குங்க, இறக்குங்க" என்றவர்கள் இவர்கள்தான். இப்போது திடீரென்று, பார்க்காதது வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தால் அப்பா டிவியை அலறவிட்டிருக்கிறார். காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தும் பீரோவில் வைத்திருக்கிறார். குக்கரின் வாஷர் போய்விட்டது. சாதம் குழைந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

எம்.டி. கூப்பிட்டார். நந்தகோபால் சாருக்குக் கோபமே வராது. அதுதான் கஷ்டம்.

"இந்த வரிசையும் போச்சுன்னா, டிசைனை வெளியிலயே வாங்கிக்கலாம்னு பசங்க சொல்றாங்கம்மா. கம்ப்யூட்டரே போட்டுத் தருதாம். எனக்கு உங்களை விட மனசில்லை. மாசக் கடைசிக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

எங்கள் டிபார்ட்மென்ட்டில் நானும் சேர்த்து மூன்று பேர். மற்ற இரண்டு பெண்களிடமும் சொல்லவில்லை. மத்தியானம் முழுக்க மஞ்சளை எடுப்பேன், கை தானாக அதில் வெள்ளையைக் கலக்கும். சிவப்பை எடுப்பேன், அதையும் வெளுக்க வைப்பேன். கைக்கு அதுதான் பழக்கம். நானே நினைத்தாலும் நிறுத்த முடியவில்லை.

மார்ச் 8, சனி

பிரிண்டிங் பகுதி லூர்து மாஸ்டரிடம் கத்திவிட்டேன்.

பிரிண்டிங் டேபிளில் என் சாம்பிளுக்குச் சாயம் மாற்றி ஊற்றிவிட்டார்கள். வேறு ஆர்டருக்குக் கலந்து வைத்த ரோஸ், எருமைக்குள் போய்விட்டது. மணல் நிறம் வரவேண்டிய பின்னணியில் கடுகு மஞ்சள். மயிலுக்கு எதுவுமே ஊற்றவில்லை. கோடு மட்டும் விழுந்து, உள்ளே வெறும் வெள்ளை.

"ரெண்டு மீட்டர்தானே மேடம். கிழிச்சு டேபிள் துடைக்க வச்சுக்கறோம்."

"துடைக்கறதுக்கா? இன்னிக்கு அனுப்ப வேண்டிய சாம்பிள் அது, மாஸ்டர்!"

அத்தனை பேர் முன்னால். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. துணியைப் பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பைக்கு வெளியே எருமையின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த ரோஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கிருந்தோ அப்பாவின் குரல் கேட்டது. இப்போதைய குரல் இல்லை, பழைய குரல். "எருமைக்கு யாரு கண்ணு ரோஸ் குடுத்தது?" நான் கத்துவேன்: "யானை!"

முப்பது வருடமாக இது எனக்குள் எங்கே கிடந்தது?

இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

"அப்பா, அந்த யானைக் கதை சொல்லுவீங்களே, முழுசா எப்படிங்கப்பா வரும்?"

"எந்த யானை?"

"வாய்க்கால்ல குளிக்குமே. வெள்ளை யானை."

"எனக்கென்ன ஞாபகம் இருக்குது. போ கண்ணு."

எண்பத்தி நாலாம் வருடத் தேர்தலில் யார் எத்தனை ஓட்டில் ஜெயித்தார் என்பது ஞாபகம் இருக்கிறது. ஊருக்கு வந்த முதல் பஸ்ஸின் டிரைவர் பெயர் ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் மறந்துவிட்டதாம். இரண்டாவது தடவை கேட்டதற்கு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 12, புதன்

அவர் சொல்லாவிட்டால் போகிறது. எனக்கு நினைவிருப்பதை எழுதிவைக்கிறேன்.

மேற்கே மலையில் ஒரு வெள்ளை யானை. அதற்குத் தன் வெள்ளை பிடிக்காது. தினமும் விடியும்போது இறங்கி வந்து யாரிடமாவது நிறத்தைத் திருடும். தூங்குகிற மயிலிடமிருந்து நீலத்தை உரித்துக்கொள்ளும். சேவல் கொண்டையிலிருந்து சிவப்பு. கிளியிடம் பச்சை. உடம்பெல்லாம் பூசிக்கொண்டு பகல் பூரா உலாத்தும். சாயங்காலம் ஆனால் பறிகொடுத்தவர்கள் அழுவது கேட்கும். யானைக்கு மனசு கேட்காது. வாய்க்காலில் இறங்கிக் குளித்துவிடும். நிறமெல்லாம் கரைந்து கீழே ஓடிவரும். அந்தத் தண்ணீரை முதலில் குடிப்பவர்களுக்கு அந்த நிறம் ஒட்டிக்கொள்ளும். அப்படித்தான் எருமை ரோஸ் ஆனது. காக்கா பச்சை ஆனது. மனிதர்கள் மட்டும் குடிக்கவே கூடாது. குடித்தால் அந்த யானை மாதிரி வெளுத்துப்போய்விடுவார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வாய்க்காலில் நிறம் ஓடியது நிஜம். மேலே ஒரு சாயப்பட்டறை இருந்தது. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. இதெல்லாம் ஊருக்கே தெரியும், அந்தக் காலத்தில் எங்கே பார்த்தாலும் அப்படித்தான். ஆனால் ஆறு வயதில் எனக்கு அது யானைதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கரையில் போய் உட்கார்ந்துகொள்வேன். சிவப்பு வந்தால் இன்று சேவல், ஊதா வந்தால் கத்தரிக்காய்.

ஒருமுறை ஜீப்பில் வந்த பெரிய ஆபீசர் ஒருவரிடம் கதை முழுவதையும் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கையிலிருந்த பேனாவை என்னிடமே கொடுத்தார். வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் பாராட்டு அது.

அம்மாவுக்கு அந்தக் கதை ஆகாது. நான் ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவாள். அம்மா அப்படித்தான், எதற்கும் முகம் கொடுக்கமாட்டாள். போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது, இதற்கு மேல் எழுதக் கூடாது.

மார்ச் 15, சனி

பிடித்துவிட்டேன்!

இத்தனை நாள் நான் செய்த தப்பு இது. மயிலுக்கு நீலம் என்று முடிவு செய்துவிட்டு அந்த நீலத்தைக் குறைத்துக்கொண்டே போவேன். கதையில் மயில் நீலமே இல்லை. அந்த நீலம் வேறொருவரிடம் இருக்கிறது. ஒருவர் கைக்கு ஒரு நிறம் வந்தால் இன்னொருவர் அதை இழந்திருக்க வேண்டும். அப்படியானால் எருமைக்கு ரோஸை முழுசாகக் கொடுக்கலாம், பயமே இல்லை, பக்கத்தில் வெறும் வெள்ளையாக ஒரு செம்பருத்தி நின்றால் போதும். மாஸ்டர் டேபிளில் தவறிப்போய் நடந்ததும் அதுதானே. வெள்ளை மயில் பக்கத்தில் நின்றதால்தான் அந்த ரோஸ் அவ்வளவு கத்தியது.

ஒரே மூச்சில் ஆறு டிசைன். கடுகு மஞ்சளில் ரோஸ் எருமை. செங்கல் நிறத்தில் கிளிப்பச்சைக் காக்கா. மயில் நீலத்தில் ஒரு வெள்ளாடு. ஒன்றில்கூட வெள்ளை கலக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கையால் வரைந்தது துணிக்கு வரமாட்டேன் என்கிறது. ரோஸை ஆவியில் வைத்துக் கழுவி எடுத்தால் பாதி போய்விடுகிறது. நாலு முறை. நாலு முறையும் வெளிறிப்போன எருமை, காய்ச்சல் கண்ட மாதிரி.

மாஸ்டரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க மேடம்" என்றார். அப்புறம் சாயம் கலக்குகிற ரூமில் நின்று தலையைச் சொறிந்தார். "சாயத்தை இன்னும் ஏத்தலாம். ஏத்துனா துணி பிடிக்கறது கொஞ்சம், கழுவுற தண்ணில போறது மிச்சம். ஏழெட்டுத் தண்ணி கழுவணும்."

"எத்தனை தண்ணி வேணா கழுவுங்க மாஸ்டர். எனக்கு நிறம் வந்தா போதும்."

மார்ச் 19, புதன்

வந்துவிட்டது. கண் கூசுகிறது.

மார்ச் 21, வெள்ளி

துணியைப் பார்த்த ரோஷ்னி மெயில் அனுப்பவில்லை, போனே செய்துவிட்டாள். "பூங்கோதை, இத்தனை வருஷம் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

கதையைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு விரிப்போடும் ஒரு அட்டை தொங்குமாம், அதில் யானைக் கதையை அச்சடிக்க வேண்டுமாம். "உங்க பேர், உங்க அப்பா பேர், உங்க ஊர் வாய்க்கால், எல்லாம் போடலாம். இருபத்தெட்டாம் தேதி வெளிநாட்டுக் கடைலேருந்து ரெண்டு பேர் வீடியோவுல வர்றாங்க. நீங்களே சொல்லுங்க."

எம்.டி. ரூமில் லட்டு. மாஸ்டருக்கு இரண்டு.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் அப்பாவின் கட்டிலில் ரோஸ் எருமை விரிப்பைப் போட்டுவைத்தேன். குளித்துவிட்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது?"

"உங்க எருமைங்கப்பா. அட்டையில உங்க பேரும் போடறாங்க. ஆறுச்சாமி சொன்ன கதைன்னு."

ஈரத்துண்டோடு குனிந்து விரிப்பை நாலு மூலையிலும் உருவி எடுத்தார். சுருட்டி என் கையில் கொடுத்தார். "என்ற பேரை எங்கயும் போடாதே."

"ஏங்கப்பா? இத்தனை வருஷத்துல எனக்கு நல்லது நடந்ததே இதுதான். அதுவும் பொறுக்கலையா உங்களுக்கு?"

அப்பா உள்ளே போய்விட்டார். மத்தியானம் கறிக்குழம்பு வைத்தும் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. குழம்பு அப்படியே இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

அப்பா இன்று டிவியே போடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

லீவு போட்டேன். காலைக் காபியை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். "சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றேன். பீரோவைத் திறந்து காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கு அங்க சாயம் கலக்குற வேலை இல்லை கண்ணு. வால்வு. சாயத்தண்ணியத் தொட்டில தேக்கி வச்சிருப்பாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு நான்தான் போய் வால்வைத் திறந்து வாய்க்கால்ல விடோணும். ஒருநா நீ கரைல நின்னுக்கிட்டு, ஏம்ப்பா செவப்பா வருதுன்னு கேட்டே. நான் தொறந்து விட்டுட்டு வந்து அப்பத்தான் கை கழுவறேன். என்னத்தச் சொல்றது? யானைன்னுட்டேன்."

"சரிங்கப்பா. குழந்தைக்குச் சொன்ன கதைதானே."

"இன்னும் இருக்குது. கேளு."

அந்த வாய்க்காலில் கீழே போனால் சென்னியப்ப மாமாவின் தோட்டம். அம்மாவின் ஒரே அண்ணன். இருநூறு தென்னை. முதலில் குரும்பை கொட்டியது, அப்புறம் மட்டை தொங்கியது, இரண்டு வருடத்தில் வரிசை வரிசையாக மொட்டை. கிணற்றில் வாளி விட்டால் ஊதாவாக ஏறுமாம். அம்மா அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, மாமாவோடும் அக்கம்பக்கத்துப் பெண்களோடும் கலெக்டர் ஆபீஸ் போய் மனுக் கொடுத்திருக்கிறாள். கட்டினவர் வேலை செய்கிற பட்டறை மேலேயே. எனக்குத் தெரியாது. எனக்கு யாருமே சொல்லவில்லை.

"விசாரிக்க ஜீப்புல ஆபீசர் வந்தாரு. முதலாளி எங்கிட்ட, 'ஆறுச்சாமி, உம் பொண்டாட்டி குடுத்த மனு, நீயே பதில் சொல்லு'ன்னுட்டாரு. ஆபீசர் கேட்டாரு. வால்வையே திறக்கறதில்லீங்கன்னு சொன்னேன். உங்கம்மா நிக்கறா, உங்க மாமன் நிக்கறான், அவங்க முன்னாடியே சொன்னேன். ஆபீசருக்கு நம்பிக்கை வல்லை. கரைல நீ உக்காந்திருந்தே. 'பாப்பா, நீ சொல்லு, இந்தத் தண்ணி எந்த நிறத்துல வரும், எங்கிருந்து வரும்'னு உன்னைக் கேட்டாரு."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீ யானைக் கதையச் சொன்னே. கொண்டை, மயிலு, அல்லாம். அல்லாரும் சிரிச்சாங்க. ஆபீசர் பேனாவை மூடி உனக்கே குடுத்துட்டு ஜீப்புல ஏறிட்டாரு. ஒண்ணும் எழுதலை."

"அம்மா?"

"உங்கம்மா சிரிக்கலை."

மார்ச் 26, புதன்

இரண்டு நாள் வேலை கிடக்கிறது. ஒன்றும் ஓடவில்லை.

அம்மா கதை கேட்காதவள், அம்மா சிடுசிடு, அம்மாவுக்கு நிறமே ஆகாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவளுக்கு நான் எடுத்த ராமர் பச்சைப் புடவையை அவள் கட்டவே இல்லை என்று அவளிடமே சண்டை போட்டிருக்கிறேன். அந்த மனுஷி சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே. "விசாரிக்க வந்த ஆபீசரை நீதான்டி சிரிக்க வச்சு அனுப்புனே" என்று ஒரு தடவை திட்டியிருக்கலாம். குழந்தை என்று விட்டுவிட்டாளா? அப்படி விட்டதற்கும் எனக்கு அவள் மேல் கோபம் வருகிறது.

அம்மா செத்த அன்று மாமா பிறந்த வீட்டுக் கோடித்துணியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். திமிர் என்று நினைத்தேன்.

ரோஸைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். முடியவில்லை. அது நல்ல ரோஸ். இதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பொய்யிலிருந்து வந்திருந்தாலும் அது நல்ல ரோஸ்தான்.

அப்பாவிடம் "சாப்பிடுங்க" என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

மார்ச் 28, வெள்ளி

வீடியோவில் ரோஷ்னியும் அங்கிருந்து இரண்டு பேரும். இந்தப் பக்கம் எம்.டி., நான். கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். யானை குளித்த இடத்தோடு நிறுத்தியிருக்கலாம். வால்வையும் சொன்னேன், தென்னையையும் சொன்னேன், பேனாவையும் சொன்னேன். எம்.டி. மேஜைக்கடியில் என் காலைத் தட்டினார். "அட்டைக்கு இந்தக் கதையை எழுதித் தர முடியாது. அழகாக எழுதினால் மறுபடியும் அதே பொய்தான்" என்று என் உடைந்த இங்கிலீஷில் முடித்தேன்.

அந்த இருவரில் வயதான பெண்மணி கேட்டார்: அப்படியானால் நிறத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறீர்களா?

"இல்லை" என்றேன். "யானை எங்கப்பாவுடையது. நிறம் நான் கரையில் உட்கார்ந்து பார்த்தது. அது என்னுடையது." சரியாகப் புரிந்ததோ என்னவோ.

ஒரு மணி நேரம் கழித்து ரோஷ்னி கூப்பிட்டாள். ஆறில் நாலு எடுத்துக்கொள்கிறார்கள். நூறு மீட்டர் முன்னோட்டமாக அனுப்ப வேண்டும். அட்டையில் கம்பெனி பெயர் மட்டும்.

எம்.டி.க்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "ஏம்மா, பையர் கிட்டப் போய் யாராச்சும் சாயத்தண்ணியைப் பத்திப் பேசுவாங்களா? தப்பிச்சோம். இனிமே பேசாதீங்க."

மார்ச் 30, ஞாயிறு

மாமாவைப் பார்க்கக் கிளம்பினேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

தோட்டம் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம். நடுவில் ஓட்டு வீடு, பட்டியில் பத்துப் பன்னிரண்டு ஆடுகள். குடிக்கிற தண்ணீர் டிரம்மில் வருகிறது. மாமா என்னை அடையாளம் கண்டுகொண்டு "வா சாமி" என்றார். வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஆபீசர், பேனா, எனக்கு இப்போதுதான் தெரியும் என்பது.

"நீ கொழந்தை. உன்ற மேல எனக்கென்ன இருக்குது. உங்கம்மா ருக்குமணிகூட அன்னிக்கே சொன்னா, 'புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா, அது நம்பித்தான் சொல்லுது'ன்னு."

பட்டி ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அப்பா வாசலில் இருந்தபடியே பேசினார். "மச்சான், அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

மாமா திரும்பவில்லை. "அது எனக்கு அன்னிக்கே தெரியுமே. தெரியாதவங்க கிட்டப் போய்ச் சொல்லோணும். எங்கிட்ட எதுக்கு?"

அப்பா வாசலிலேயே நின்றார். வெயிலில் ஆடுகள் தழை மென்றன. வந்திருக்கவே வேண்டாமோ என்று நினைத்தேன். பையில் இருந்த விரிப்பைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எடுத்து மடியில் வைத்திருந்தேன்.

மாமா அதை விரித்துப் பார்த்தார். எருமையைத் தொட்டார். "சாயம் போகுமா?"

"போகாதுங்க மாமா."

"நனைச்சுக் காட்டு."

டிரம்மிலிருந்து வெள்ளை வாளியில் அவரே தண்ணீர் மொண்டு வந்து வைத்தார். விரிப்பை அமுக்கினேன். அப்பாவும் உள்ளே வந்து குனிந்தார். மூன்று பேரும் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம். பிழிந்து எடுத்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

மாமா தலையாட்டினார். "துணில நிக்குது. சரி. உங்க கம்பெனில இதைக் கழுவுன தண்ணி எங்க போச்சு?"

"இப்பெல்லாம் வெளிய விடறதில்லைங்க மாமா. பிளான்ட் இருக்கு. சுத்தம் பண்ணித் திரும்ப எடுத்துக்கறாங்க."

"நீ பாத்தியா?"

பதினைந்து வருடம். ஒருநாள்கூட நான் அந்தப் பக்கம் போனதில்லை.

"இல்லைங்க மாமா."

"பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அப்பாவுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நூறு மீட்டரையும் இன்று கழுவினார்கள். மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு, கழுவும் மிஷினுக்கு அடியில் இருந்து அந்தத் தண்ணீர் கூடவே நடந்தேன். "டிசைன்ல இருந்து இந்தப் பக்கம் வந்த முதல் ஆள் நீங்கதான் மேடம்" என்றார். சிமென்ட் வாய்க்காலில் என் ரோஸ் ஓடியது. எட்டுத் தண்ணீர் கழுவியும் எட்டாவது தண்ணீரும் ரோஸ்தான். தொட்டியில் விழுந்து மற்ற ஆர்டர்களின் தண்ணீரோடு கலந்து கறுப்பானது. நாற்றம் தாங்கவில்லை. வடிகட்டி, காய்ச்சி, அந்தக் கோடியில் குழாயில் வெளிவருவது தெளிவாகத்தான் இருந்தது. மறுபடி சாயத்துக்கே போகிறது.

மிஞ்சுவது உப்பு. அழுக்கு நிறத்தில், மூட்டை மூட்டையாக. மேற்கு ஷெட் கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள். "இதை மட்டும் யாரும் வாங்கமாட்டாங்க மேடம்" என்றார் பிளான்ட் ஆபரேட்டர். "எங்க கொண்டுபோறதுன்னும் யாருக்கும் தெரியலை."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாமாவுக்குப் போன் போட்டேன். வாய்க்கால், தொட்டி, குழாய், மூட்டை, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

"மழை பேஞ்சா அந்த மூட்டை நனையுமா?"

"மேல தகரம் போட்டிருக்காங்க." மாஸ்டரோடு நின்றபோது மேலே பார்த்தது ஞாபகம் வந்தது. "ஒரு மூலைல ஓட்டை இருக்குதுங்க மாமா. கீழ் மூட்டையெல்லாம் கரைஞ்சு, சுவத்துக்கு அந்தப் பக்கம் கசிஞ்சிருக்கு."

"அந்தப் பக்கம் என்ன இருக்குது?"

"காடு. யாரோ சோளம் போட்டிருக்காங்க."

"உங்க முதலாளிக்கு எழுதிக் குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எம்.டி. இனிமேல் பேசாதே என்று சொல்லி நாலு நாள்தான் ஆகிறது. ஆர்டர் வந்த வாரம். மற்ற இரண்டு பெண்களும் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் மேஜையில் வெள்ளைத்தாள் இருக்கிறது. அரை மணி நேரமாக ஆரம்பிக்கிறேன், கிழிக்கிறேன். மூன்று தாள் போனபிறகு, இப்போதுதான் ஒரு வரி நின்றிருக்கிறது:

ஐயா, மேற்கு ஷெட்டின் கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது. நான் நேரில் பார்த்தேன்.